'ஆமா' போட வந்தவன்

அம்பாசமுத்திரம் பக்கம் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். எழுத்துக் கூட்டத் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. எழுந்து நின்றதும் குரல் உள்ளே போய்விடும். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பானே என்ற பயம்தான் பாதி.

எங்கள் பக்கம் கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். புலவர் கதை சொல்லிக்கொண்டே போக, பக்கப்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவார்கள். சில இடத்தில் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வார்கள். இதை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். வில்லுக்கு மூங்கில், தட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் குடம், கதை பாடப்புத்தகத்தில் உள்ளதே.

தயங்கும் பையனுக்கு முதலில் 'ஆமா' மட்டும். சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை மாதிரித் தெரியும். ஆனால் தாளில் விரல் வைத்து வரியோடு வந்தால்தான் வாக்கியம் முடியும் இடத்தில் சரியாக 'ஆமா' விழும். முந்திப் போட்டால் வகுப்பே சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான். அப்புறம் கடைசி இரண்டு சொல். அப்புறம் ஒரு முழு வரி. அப்படி வந்த ஒருவனின் வரியை ஒருநாள் இன்னொருவன் வாசித்துவிட, "ஏல, அது என் வரில!" என்று தாளைப் பிடுங்கிவிட்டான்.

மனப்பாடம்தான் தொல்லை. ஒத்திகை கூடக் கூடத் தாள் கையில் இருக்கும், கண் கூரையில் இருக்கும். அதனால் யாருக்கு எந்த வரி என்பதை அடிக்கடி மாற்றிவிடுவேன். ஆண்டுவிழாவில் போடச் சொன்னார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. மேடை என்றாலே நன்றாகப் பேசும் பிள்ளைக்குத்தான் வசனம் போகும். திக்குகிற பிள்ளை ஓரத்தில் மரமாக நிற்கும்.

—

பாவூர்சத்திரத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே பிள்ளைகளுக்குக் காய்கறிச் சந்தை அத்துப்படி, அதனால் வாசிப்புக்கு நாங்கள் சந்தையையே நாடகமாக்கினோம். பேசுகிற வரிகளை ஊர்ப் பேச்சில் எழுதினேன், கதைசொல்லியின் பகுதியைப் புத்தக நடையில் வைத்தேன். 'வாரேன்' என்று கரும்பலகையில் பார்த்த பிள்ளை, "டீச்சர், இப்படிக்கூட எழுதலாமா?" என்று கேட்டது. எழுதலாம்தான். ஆனால் முழுக்க அப்படி எழுதினால் பாடப்புத்தகத்துக்குத் திரும்பும்போது மறுபடி தடுமாறுவார்கள். பாதிக்குப் பாதி என்பது என் கணக்கு.

—

நான் டீச்சர் இல்லை, முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன். மகள் நாடகத் தாளோடு வீட்டுக்கு வந்து, "நீ வியாபாரி வாசிம்மா" என்றாள். மடியில் பீடித் தட்டு, முன்னால் தாள். நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். அவள் பொறுக்காமல் என் வரியையும் சேர்த்து வாசித்துவிட்டாள்!

—

மேலே 'ஆமா' பற்றி எழுதியவருக்கு ஒரு வார்த்தை. சில பிள்ளைகளுக்கு முன்னால் உட்காருவதே பெரும்பாடு. அவர்களை வில்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். 2022-இல் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்த சமயம் நாங்கள் அட்டைப் பாவை செய்யப் பழகினோம். ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டி, தோல்பாவைக்கூத்து போலப் பின்னாலிருந்து வெளிச்சம். முகம் யாருக்கும் தெரியாது, தாளும் அதே வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். ஒருவர் பாவையை ஆட்ட, ஒருவர் வாசிக்கட்டும். இரண்டையும் ஒரே பிள்ளை செய்தால் வரி தவறிவிடும். எல்.இ.டி. டார்ச் போதும். குண்டு பல்பு வேண்டாம், சூடு பட்டு அட்டை வளைந்துவிடும்.