களிமண் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும்: செய்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் களிமண் வயல், போர்வெல் தண்ணீர். குறுவைக்கு ஆடுதுறை 43 நெல் ரகம் நட்டிருக்கிறேன், இப்போது தூர் கட்டும் பருவம். எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைச் செய்து பார்க்கப் போகிறேன். ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம் என்று இருக்கிறேன்.

தண்ணீர் மிச்சமாகும் என்பது முதல் காரணம். மீத்தேனும் குறையும். தேங்கிய நீரில் காற்றுப் புகாத மண்ணில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு அது. பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகத்தான் வெளியே போகிறதாம்! ஆனால் விளைச்சலை விட்டுக்கொடுக்க முடியாதே.

என் கவலை வெடிப்புதான். எங்கள் மண் சீக்கிரம் பாளம் பாளமாக வெடிக்கும். அப்புறம் பாய்ச்சுகிற தண்ணீரெல்லாம் அதிலேயே இறங்கிவிடுமே. களிமண்ணில் 15 செ.மீ. வரை காத்திருக்கிறீர்களா, முன்னதாகவே பாய்ச்சுகிறீர்களா? மேலுர யூரியாவைக் காய்ச்சலில் போட்டுவிட்டுப் பாய்ச்சுவதா, தண்ணீர் கட்டியபின் போடுவதா? காயவிட்டால் கோரைக் களை அதிகம் வருகிறதா? பூக்கும் சமயத்தில் காயவிடக் கூடாது என்று தெரியும். கதிர் உருவாகும்போதே காயவிடுவதை நிறுத்திவிடுகிறீர்களா?

டெல்டாவில் செய்து பார்த்தவர்கள் மண் வகை, ரகத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.