ஈர்ப்பு அளவீட்டிலிருந்து நிலத்தடி வடிவம்: ஆழத்தை எதை வைத்து நம்புவது?

கேள்வி: ஜூரோங் மாணவி

அனைவருக்கும் வணக்கம். இறுதியாண்டுத் திட்டத்துக்காக, தரையில் அளந்த ஈர்ப்பு மாற்றங்களிலிருந்து நிலத்தடிப் பாறைகளின் அடர்த்தியைக் கணித்தறியும் நேர்மாறாக்கத்தைப் பயின்று வருகிறேன். சிங்கப்பூரின் புக்கிட் கோம்பாக்கில் கிரானைட்டுக்கு அருகே காணப்படும், அதைவிட அடர்த்தி மிகுந்த நோரைட் பாறையை மனத்தில் கொண்டு, கணினியில் ஒரு கற்பனைப் பாறைத்திரளை அமைத்தேன். அதன் நீளமும் அகலமும் 200 மீட்டர், தடிமன் 100 மீட்டர், உச்சி 100 மீட்டர் ஆழத்தில். சுற்றியுள்ள பாறையைவிட அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் அதிகம். அதற்கு நேர் மேலே தரையில் ஈர்ப்பு ஏறத்தாழ 0.26 மில்லிகால் (ஈர்ப்பு மாற்றத்தை அளக்கும் சிறு அலகு) கூடுகிறது.

இந்த எண்களுடன் 0.01 மில்லிகால் இரைச்சலை (அளவீட்டுப் பிழையை) சேர்த்து நேர்மாறாக்கினால், கூடுதல் அடர்த்தி முழுவதும் தரைக்குச் சற்றுக் கீழே மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது. ஆழத்துக்கேற்ப எடையிட்டால் பாறைத்திரள் ஏறத்தாழ உரிய இடத்துக்கு இறங்குகிறது; ஆனால் மிகவும் தடித்து, ஓரங்கள் மங்கிவிடுகின்றன. இரண்டு விடைகளும் அளவீட்டோடு ஒரே அளவு பொருந்துகின்றன. இரண்டாவதே சரி என்பதை உண்மை எனக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான் சொல்ல முடிகிறது. உண்மையான களத்தில் எதை நம்புவது?

பதில் 1: நேர்மாறன்

உங்கள் நிரலில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. கணினி நிலத்தடியைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது; ஒவ்வொரு கட்டத்தின் ஈர்ப்பும் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது; எனவே “மிகச் சிறிய அடர்த்தி மாற்றங்களால் அளவீட்டை விளக்கு” என்று கணினியிடம் சொன்னால், குறைந்த செலவில் அதிக விளைவைத் தரும் மேற்கட்டங்களையே அது நிரப்பும். லி, ஓல்டன்பர்க் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட முப்பரிமாண முறையில் உள்ள ஆழ எடை இந்தச் சாய்வை ஈடுசெய்வதற்கானது. ஆனால் அந்த எடை அளவீட்டிலிருந்து வந்ததன்று, நாம் வைத்தது. ஆகவே உங்கள் இரண்டாம் படத்திலுள்ள ஆழத்தில் ஒரு பங்கு நீங்களே எழுதியது.

இது கணினியின் குறையும் அன்று. தரையில் காணும் எந்த ஈர்ப்பு மாற்றத்தையும், தரைக்குச் சற்றுக் கீழே தக்கவாறு நிறையைப் பரப்பிய ஒரு மெல்லிய படலத்தால் அப்படியே உருவாக்கிவிடலாம் என்பது கணிதப்படி நிறுவப்பட்ட உண்மை. எனவே “இதைவிட ஆழம் குறைவாக இருக்க முடியாது” என்று ஈர்ப்பு மட்டும் ஒருபோதும் சொல்லாது. “இதைவிட ஆழமாக இருக்க முடியாது” என்று மட்டும் சொல்லும். பாட், ஸ்மித் இருவரும் 1958-இல் தந்த விதிப்படி, அடர்த்தி வேறுபாடு எங்கும் ஒரே குறியுடையதாக இருந்தால், ஈர்ப்பு மாற்றத்தின் உச்ச மதிப்பை அதன் கிடைநிலைச் சரிவின் (பக்கவாட்டில் மீட்டருக்கு எவ்வளவு மாறுகிறது என்பதன்) உச்ச மதிப்பால் வகுத்து 0.86-ஆல் பெருக்குங்கள், திரளின் உச்சி அந்த ஆழத்துக்குக் கீழே இருக்க முடியாது. உங்கள் திரளுக்கு 100 மீட்டரைவிடப் பெரிய எண் கிடைக்கும், அது சரிதான்.

நம் அண்டைக் கடலிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. டச்சுப் புவியியற்பியலாளர் வெனிங் மைனஸ் 1920-களிலும் 30-களிலும் நீர்மூழ்கிக் கப்பலில் ஊசல்களைக் கொண்டு அளந்து, சுமத்ரா, ஜாவா தீவுகளின் வெளிப்புறக் கடலில் ஈர்ப்பு குறைந்த ஒரு நீண்ட பட்டையைக் கண்டார். இலேசான மேலோடு கீழ்நோக்கி மடிந்திருப்பதாக அவர் விளக்கினார். பின்னாளில் அதே பட்டை, கடலடித் தட்டு தீவுகளுக்கு அடியில் அமிழ்வதன் அடையாளமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அளவீடுகள் பொய்க்கவில்லை, வடிவம்தான் மாறியது.

பதில் 2: மண்ணாய்வுப் பொறியாளர்

கணிதத்தை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். நான் துளையிட்டு மண்ணெடுக்கும் பக்கம் இருப்பவன் என்பதால் ஒரு கவலையைச் சேர்க்கிறேன். உங்கள் கற்பனையில் பாறை தரைவரை கெட்டியாக உள்ளது. இங்கே அப்படி இல்லை. புக்கிட் தீமா கிரானைட்டின் மேற்பகுதி வெப்பத்தாலும் மழையாலும் சிதைந்து, பல இடங்களில் பத்துக்கணக்கான மீட்டர்களுக்கு மண்ணாகியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளிலேயே தடிமன் வெகுவாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சிதைந்த மண்ணின் அடர்த்தியை 1.95 என்றும் கிரானைட்டின் அடர்த்தியை 2.65 என்றும் கொண்டால் வேறுபாடு 0.7. அடர்த்தி வேறுபாடு 1 ஆக உள்ள பரந்த தட்டு, தடிமனில் மீட்டருக்கு 0.0419 மில்லிகால் தரும்; அந்த எண்ணை 0.7-ஆல் பெருக்குங்கள்: மண் 10 மீட்டர் மெலிந்தாலே ஈர்ப்பு 0.29 மில்லிகால் கூடும். உங்கள் நோரைட் திரள் தருவது 0.26.

அதாவது உங்கள் முதல் படம், நீங்கள் தள்ளிவிட நினைத்த அந்த மெல்லிய படலம், இந்த ஊரில் நடக்கக்கூடிய ஒன்றுதான்! காலாங் பக்கம் கடற்களிமண்ணுக்கும் இதே கதை: 30 மீட்டர் களிமண், கீழுள்ள பழைய வண்டலைவிட 0.4 குறைந்த அடர்த்தி என்றால் 0.5 மில்லிகால் குறையும். ஆகவே ஆழ்துளைப் பதிவுகளிலிருந்து மண்ணின் தடிமனை எடுத்து, அதன் பங்கை முதலில் கழியுங்கள். துளைகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு நில அதிர்வலை விலகல் அளவீடு (தரையில் எழுப்பும் அதிர்வலைகள் அடியிலுள்ள பாறையில் விலகித் திரும்பும் நேரத்தை அளப்பது) உதவும்.

பதில் 3: கட்டங்கள்

ஓரங்கள் மங்குவதற்கு மட்டும் ஒரு சொல். வழவழப்பான விடையைக் கேட்டால் வழவழப்பாகத்தான் வரும். அடர்த்தி வேறுபாடு 0-க்கும் 0.35-க்கும் இடையில்தான் என்று வரம்பிட்டுப் பாருங்கள். கூடவே லாஸ்ட், குபிக் 1983-இல் முன்வைத்த, திரளின் கனஅளவைச் சுருக்கும் முறையையும் முயலுங்கள். ஓரம் கூர்மையாகும். கூர்மையான படம் உண்மையான படம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். பார்ப்பவரை எளிதில் நம்ப வைப்பதால் அது கூடுதல் ஆபத்து.

மீண்டும் ஜூரோங் மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு என் மாதிரியின் மேல் தடிமன் மாறும் சிதைந்த மண்ணைச் சேர்த்து, அதை அறியாதவள்போல நேர்மாறாக்கினேன். திரள் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி இருபது மீட்டர் ஆழத்தில் வந்து நின்றது. பத்து இடங்களில் மண்ணின் தடிமனைக் கொடுத்த பிறகே மீண்டும் ஒன்றானது. அறிக்கையில் ஒரே படத்தைத் தருவதற்குப் பதிலாக, அளவீட்டுக்குப் பொருந்தும் ஆறு ஏழு படங்களையும் அவற்றில் மாறாமல் நிற்கும் பகுதியையும் காட்டலாமென்று இருக்கிறேன். களத்துக்குச் செல்லும்போது உயரத்தை எவ்வளவு துல்லியமாக அளக்க வேண்டும்?

பதில் 2: மண்ணாய்வுப் பொறியாளர்

உயரத்துக்கான திருத்தம் மீட்டருக்கு 0.3086 மில்லிகால், இடையிலுள்ள பாறையின் பங்கைக் கழித்தால் ஏறத்தாழ 0.2. ஐந்து சென்டிமீட்டர் தவறினால் நீங்கள் கணக்கிட்ட 0.01 மில்லிகால் இரைச்சல் முழுவதும் அதிலேயே போய்விடும். ஆகவே இரண்டு சென்டிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குன்றின் அருகே அளந்தால் சுற்றியுள்ள மேடுபள்ளங்களுக்கான நிலவடிவத் திருத்தத்தையும் விட்டுவிடாதீர்கள்.