நாள்தோறும் வேதம் வாசித்தும் உள்ளத்தில் ஒன்றும் தங்கவில்லையே: ஆழமாக வாசிப்பது எப்படி?

கேள்வி: பாளையங்கோட்டை சகோதரி

கர்த்தருடைய நாமத்தில் அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஒரே வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்கும் அட்டவணையை நான்கு ஆண்டுகளாகப் பின்பற்றி வருகிறேன். மொத்தம் 1189 அதிகாரங்கள். நாளொன்றுக்கு மூன்று, நான்கு அதிகாரங்கள் வாசித்தால்தான் கணக்குச் சரியாக வரும். ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் ஏழெட்டு அதிகாரங்களை ஓட்டமாக ஓடி முடித்து, அட்டவணையில் குறியிட்ட பிறகே எனக்கு நிம்மதி. ஆனால் காலையில் என்ன வாசித்தீர்கள் என்று மாலையில் என் மகள் கேட்டால், பல நாட்களில் பதில் சொல்ல இயலவில்லை.

என் தாயார் அதிகம் படித்தவர் அல்லர். 23ஆம் சங்கீதமும் இன்னும் இரண்டொரு சங்கீதங்களும் மட்டுமே அவருக்கு மனப்பாடம். கடைசி மாதங்களில், என் பெயரையே மறந்துபோன நாட்களிலும், மருத்துவமனைக் கட்டிலில் அந்தச் சங்கீதத்தை ஒரு சொல்லும் பிசகாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வேதத்தை நான்கு முறை முடித்த என்னிடம் அப்படி ஒரு சங்கீதம்கூட இல்லை என்பது என்னை வருத்துகிறது. நான் எங்கே தவறுகிறேன்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: நாகர்கோவில், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்

உங்கள் தாயார் முணுமுணுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான் என்று முதலாம் சங்கீதம் சொல்லும் இடத்தில், எபிரெய மூலத்தில் வரும் வினைச்சொல் ‘ஹாகா’ என்பது. தியானம் என்றதும் கண்ணை மூடி மௌனமாய் அமர்வதையே நாம் நினைக்கிறோம். அந்தச் சொல்லோ வாய்க்குள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டேயிருப்பதைக் குறிக்கிறது. இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கு ஏசாயா 31ஆம் அதிகாரத்திலும், புறா புலம்புவதற்கு 38ஆம் அதிகாரத்திலும் இதே சொல்தான் வருகிறது. ஆகவே உங்கள் தாயார் அந்தக் கட்டிலில் செய்தது, முதலாம் சங்கீதம் சொல்லும் தியானமேதான்.

என் யோசனை இது: ஒரு மாதத்திற்கு அட்டவணையை எடுத்து வைத்துவிட்டு, அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதின நிருபத்தை (கடிதத்தை) மட்டும் நாள்தோறும் வாய்விட்டு வாசியுங்கள். நான்கே அதிகாரங்கள், 104 வசனங்கள். நிதானமாக வாசித்தாலும் அரை மணி நேரம் ஆகாது. முதல் வாரத்தில் புதிதாக ஒன்றும் தோன்றாமல் போகலாம். அதற்காக விட்டுவிட வேண்டாம். எனக்குப் பத்தாம் நாளுக்குமேல்தான், பவுல் இதைச் சிறைக்காவலில் கட்டப்பட்டவராக இருந்து எழுதினார் என்பது உறைத்தது. உடனே அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைத் திருப்பினேன். பிலிப்பி பட்டணத்தின் சிறையில்தான் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் ஜெபித்துப் பாடினார்கள். அந்தச் சிறைச்சாலைக்காரன் தன் வீட்டார் அனைவரோடும் விசுவாசியானான். இந்த நிருபம் சபையில் வாசிக்கப்பட்டபோது அவனும் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கக்கூடும். ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று பவுல் எழுதியதை மற்றெவரையும்விட அவன் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பான் என்று தோன்றிய நாளில், என்னால் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை, முழங்காலில்தான் நின்றேன்.

பதில் 2: திருச்சி வாசகர்

நான் கத்தோலிக்கன். எங்கள் மரபில் ‘லெக்சியோ திவினா’ என்னும் இறைவாசிப்பு முறை உண்டு. வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் அமைதியாகத் தங்குதல் என்று அதன் நான்கு படிகளையும் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கைகோ என்னும் துறவி ஓர் ஏணியாக விளக்கி எழுதினார். படிகளின் பெயர் முக்கியமல்ல. உள்ளத்தைத் தொட்ட சொல்லில் நின்றுவிடுவதும், அடுத்த வசனத்திற்குப் போக அவசரப்படாமல் இருப்பதுமே முக்கியம்.

இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து வாசிப்பதும் பெரிதும் உதவும். 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த உங்கள் வேதாகமத்தில் 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்று இருப்பது, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘எனக்கேதும் குறையில்லை’ என்று இருக்கிறது. ‘தாழ்ச்சி’ என்பதற்குக் ‘குறைவு’ என்று ஒரு பொருள் இருப்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் தாயாரின் சங்கீதத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்களில் ஆண்டவர் ‘அவர்’ என்றே சொல்லப்படுகிறார். நான்காம் வசனத்தில், மரண இருளின் பள்ளத்தாக்கிற்குள் நுழைந்தவுடன், ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்று பேச்சு நேராக அவரிடமே திரும்பிவிடுகிறது. புல்வெளியில் அவரைப் பற்றிப் பேசியவர், பள்ளத்தாக்கில் அவரோடு பேசுகிறார். இதை வேகமாக வாசித்த ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

பதில் 3: சென்னை, வாலிபர் ஐக்கிய உறுப்பினர்

மூத்தவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அட்டவணையை ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம் என்று பணிவோடு சொல்வேன். நான் வேலை இழந்திருந்த ஆண்டின் புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (ஆண்டுக்கென்று ஒரு வசனம் எழுதித் தரும் அட்டை) எரேமியா 29:11 இருந்தது; தேவன் நம்மேல் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்திற்கே என்று சொல்லும் வசனம் அது. சில மாதங்களில் எல்லாம் சரியாகிவிடும் என்று அதைப் பற்றிக்கொண்டு, அப்படி நடக்காதபோது மிகவும் சோர்ந்துபோனேன். பிறகு வரிசைப்படி வாசித்து அந்த அதிகாரத்திற்கு வந்தபோதுதான், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட நிருபம் என்பதையும், முந்தின வசனமே எழுபது வருஷம் என்று சொல்வதையும், அந்தக் காத்திருப்பில் வீடு கட்டவும் தோட்டம் நாட்டவும் அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டதையும் கண்டேன். அந்த வசனம் எனக்கு அன்றுதான் உண்மையாகவே ஆறுதலானது. முழு வேதத்தையும் ஒருமுறையாவது கடந்து வராதவருக்கு, ஒரு வசனம் எந்த நிலத்தில் முளைத்தது என்பது தெரியாது. ஓர் ஆண்டில் முடிப்பதை மூன்று ஆண்டுகளாக்கிக்கொண்டால் போதும் அல்லவா?

பாளையங்கோட்டை சகோதரி:

மூவருக்கும் என் உள்ளம் நிறைந்த நன்றி. ‘அவர்’ என்பது ‘தேவரீர்’ என்று மாறும் இடத்தை வாசித்தவுடன் என் தாயாரின் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த நான்காம் வசனத்தின் கீழே அவர் பென்சிலால் கோடிட்டிருக்கிறார். நாளை காலை முதல் பிலிப்பியரைத் தொடங்குகிறேன். அட்டவணையை அடுத்த மாதம் மெதுவாகத் தொடர்வேன். இரவில் குடும்ப ஜெபத்தில் நானும் மகளும் 23ஆம் சங்கீதத்தை நாளுக்கு ஒரு வசனமாக மனப்பாடம் செய்யலாம் என்றிருக்கிறோம்.