புதுப்பிப்பு: பிரெஞ்சு பிரஸ் கோப்பியின் அடிமண்டி
பிரெஞ்சு பிரஸ் என்பது கோப்பித்தூளைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு, கம்பி வலைத்தட்டை மேலிருந்து அமத்தி வடிக்கும் குவளை. போன பதிவில் “நாலு நிமிடம் ஊறவிட்டு அழுத்துங்கள், மண்டி குறையும்” என்று எழுதியது பாதிதான் சரி. மட்டக்களப்புக் கடைகளில் வாங்கும் கோப்பித்தூள் பெரும்பாலும் மா மாதிரி நைஸ். வலைக்குள்ளால் நேரே இறங்கிவிடும். பலமாக அமத்தினால் ஓரத்தால் சுடுதண்ணீர் பீச்சியடிக்கும், கை கவனம்.

கொட்டையாக வாங்கி, ரவையைவிடப் பருமனாக அரைக்க வேண்டும். 500 மில்லிலீட்டருக்கு 30 கிராம். கொதி அடங்கிய தண்ணீர் ஊற்றி 4 நிமிடம். மேலே கட்டிய தூளைக் கரண்டியால் கலக்கி, நுரையை வழித்தெடுத்து, இன்னும் 5 நிமிடம் தொடாமல் விடுங்கள். நைஸ் தூள் தானாகப் படியும். வலையை அடிவரை இறக்கவே கூடாது. இறக்கினால் படிந்தது திரும்பக் கிளம்பும். கோப்பியின் மேல்மட்டத்தில் நின்றால் போதும். மெல்லச் சரித்து ஊற்றி, கடைசி இரண்டு விரற்கடையை விட்டுவிடுங்கள்.

“மண்டிதானேகா ருசி” என்றவர்களுக்கு: வாயில் கனமாக நிற்பது எண்ணெயும் மிதக்கும் நுண்தூளும்தான். அடியில் கிடக்கும் சேறு வெறும் கசப்பு. கடதாசி வடி அந்த எண்ணெயையும் பிடித்துவிடும். கொலஸ்ட்ரோலைக் கூட்டும் காபெஸ்டோல் என்ற பொருள் எண்ணெயில்தான் இருப்பதால், கொலஸ்ட்ரோல்காரருக்குக் கடதாசியே நல்லது. மல்லி, சுக்கு சேர்த்து இடித்த தூளை பிரஸ்ஸில் போடாதீர்கள். அதற்குத் துணி வடிதான்.