எங்கள் டிரஸ்டைக் கணினிக்கு மாற்றிய அனுபவம்: நோட்டுகளிலிருந்து தொடங்குங்கள்

சிறிய தொண்டு நிறுவனம் நடத்துபவர்கள் கணினிக்கு மாறலாம் என்று நினைத்ததும் எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். வடசென்னையில் மாலை நேர டியூஷன் மையங்கள் நடத்தும் எங்கள் டிரஸ்டில் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளினோம். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் வேலையாக எல்லா நோட்டுகளையும் மேஜையில் பரப்பினோம். வருகைப் பதிவேடு, நன்கொடை ரசீதுப் புத்தகம், குழந்தைகளுக்கு நோட்டும் பையும் கொடுத்த பட்டியல், பெற்றோர் கூட்டக் கையெழுத்து. ஒவ்வொன்றையும் யார் எழுதுகிறார், பிறகு யார் புரட்டிப் பார்க்கிறார் என்று குறித்தோம். புளியந்தோப்பு மையத்து அக்கா ஒரே குழந்தையின் பெயரை மூன்று நோட்டுகளில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். அந்த எழுத்து வேலையைக் குறைப்பதுதான் திட்டத்தின் முதல் நோக்கம் என்று அன்றே முடிவு செய்தோம்.

அதிக நேரம் பிடித்தது பழைய எழுத்துருதான். பல வருடப் பட்டியல்கள் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும், ஒரு பெயரைத் தேடவும் முடியாது. எல்லாக் கணினியிலும் ஒரேபோலத் தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் எங்களைப் போன்ற இடங்களில் பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பட்டியலின் ஒரே கட்டத்துக்குள் தமிழ்ப் பெயரும் ஆங்கிலத்தில் தெருப் பெயரும் சேர்ந்திருந்தால், ஆங்கிலத்தையும் தமிழென்று நினைத்துக் குழப்பிவிடும். ஆகவே முதலில் இரண்டையும் தனித்தனி நெடுவரிசையாகப் பிரித்துவிட்டு, பிறகு மாற்றினோம். கல்லூரி மாணவர்கள் வந்து சரிபார்த்துக் கொடுத்தார்கள். இந்த வேலைக்குத் திட்டத்தில் நிறைய நாட்கள் ஒதுக்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

நன்கொடைக் கணக்கு வேறு மாதிரி. நன்கொடைக்கு 80ஜி எனும் வருமான வரி விலக்கு தரும் அமைப்புகள் நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறையிடம் 10பிடி படிவத்தில் மே 31-க்குள் தாக்கல் செய்து, அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும் என்ற விதி 2021–22 நிதியாண்டு முதல் வந்தது. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ரசீதுப் புத்தகத்தில் பான் எண்ணுக்கு இடமே இல்லையென்றால் மே மாதம் முழுக்க ஒவ்வொருவருக்காக போன் போட வேண்டியதுதான். சாஃப்ட்வேர் வருவதற்கு முன்பே ரசீதைத் திருத்தி அச்சடித்தோம். செலவு சொற்பம், பலன் உடனே தெரிந்தது.

சாஃப்ட்வேர் பார்க்க உட்கார்ந்தபோது ஒன்றைக் கட்டாயம் சோதித்தோம். வெளிநாட்டில் செய்த சில மென்பொருள்களில் 'கடைசிப் பெயர்' இல்லாமல் பதிவே ஏறாது. நம் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரு பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும்தான். கண்டதைப் போட்டு நிரப்பினால் ஒரே குழந்தை இரண்டு பேராகிவிடும். அப்படிக் கட்டாயப்படுத்தியதை அப்போதே ஒதுக்கிவிட்டோம்.

மையங்களில் நெட் நம்பகமாக இல்லை. கோபோ டூல்பாக்ஸ் போன்ற, விவரம் சேகரிக்கும் கருவியில் படிவத்தைத் தமிழிலேயே அமைக்கலாம், நெட் இல்லாமல் நிரப்பிவிட்டு சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். அக்காக்களே கேள்விகளின் வரிசையை மாற்றிச் சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே வைத்தோம். பெற்றோர் சம்மதத்தையும் அதிலேயே கேட்டு வாங்குகிறோம். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் முறை.

அப்புறம், நிறுவனங்கள் பழைய கணினிகளைத் தந்தால் வாங்குமுன் ப்ராசஸர் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அவற்றில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தட்டச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பணம். நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதி பெரும்பாலும் வாங்கும் செலவுக்குத்தான் கிடைக்கிறது, அடுத்த வருடச் சந்தாவுக்கும் ரிப்பேருக்கும் கேட்டால்தான் தருவார்கள். அதனால் விண்ணப்பத்திலேயே மூன்று வருடப் பராமரிப்பையும் அக்காக்களின் டேட்டா ரீசார்ஜையும் தனி வரியாக எழுதினோம். ஏன் என்று கேட்டார்கள், விளக்கினோம், ஒப்புக்கொண்டார்கள்.