வீட்டில் கட்டிய ஹாட் ராட்: சூடானால் நின்றுவிடுகிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது. பெட்ரோல் லைனை எப்படிக் கொண்டுபோகலாம்?

நாங்குநேரி ராட்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோப்பு ஷெட்டில் ஒரு ஹாட் ராட் (பழைய வண்டியை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது) கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய ஜீப் சேசிஸ், அம்பாசடரில் வந்த இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜின், கார்பரேட்டர் வகை. பாடி முழுக்கக் கையால் தட்டியது. 1932 ஃபோர்டை வைத்து அமெரிக்காவில் செய்கிற மாதிரி பானட்டின் பக்கத் தகடு இல்லாமல் விட்டிருக்கிறேன். ரோட்டில் இன்னும் இறக்கவில்லை, தோப்புக்குள்தான் ஓட்டம்.

மத்தியான வெயிலில் கால் மணி நேரம் ஓடினால் இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. நன்றாக ஆறவிட்டால் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். காலையில் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு நாளாக, வண்டியை நிறுத்தின பிறகு சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் வாடையும் வருகிறது.

இப்போதைய அமைப்பு: டேங்க் சீட்டுக்குப் பின்னால். ஃப்ரிட்ஜுக்குப் போடுகிற காப்பர் பைப், வலது சேசிஸ் ஓரமாக முன்னால் வருகிறது. சைலன்சர் பைப்பும் வலது பக்கம்தான், நெருங்கின இடத்தில் இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. எலக்ட்ரிக் பம்ப் இன்ஜின் பக்கம் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கிற தகட்டுச் சுவர்). அங்கிருந்து ரப்பர் ஹோஸ், கண்ணாடி பில்டர், கார்பரேட்டர். ரிட்டர்ன் லைன் (மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்புகிற பைப்) இல்லை.

பைப்புக்கு மேல் வெப்பத் துணி சுற்றினால் போதுமா? இல்லை, லைனை உள்ளே, கியர் பாக்ஸ் மேடு ஓரமாக, கேபின் வழியாகக் கொண்டுபோய்விடலாமா?

பேட்டை பட்டறை:
தம்பி, முதல் வேலையாக பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிகிற வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போய்க் கலையாது, சீட்டுக்கு அடியிலும் ஷெட் தரையிலும் தேங்கி நிற்கும். அங்கே ஒரு சுவிட்சைத் தட்டினால் வருகிற பொறி போதும். ஷெட்டின் இரண்டு கதவையும் திறந்துவிடுங்கள். பக்கத்தில் வெல்டிங், கிரைண்டர் எதுவும் கூடாது.

கேபின் வழியாகக் கொண்டுபோகவே கூடாது. கசிந்தால் உங்கள் மடியில் கசியும். வெப்பத் துணியும் தீர்வில்லை. கசிவு இருந்தால் துணி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெளியே தெரியவும் தெரியாது.

உங்களுக்கு இருப்பது இரண்டு கோளாறு. நிற்பது ஒன்று, வாடை இன்னொன்று. இரண்டுக்கும் வேர் அந்த வலது பக்க லைன்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் தனித்தனியாகப் பாருங்கள்.

தாமிரபரணிக் கரை:
நிற்பது வேப்பர் லாக்தான், அதாவது சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை அடைப்பது. அறிகுறி அப்படியே பொருந்துகிறது. பெட்ரோல் ஒரே சூட்டில் கொதிக்கிற சரக்கு இல்லை. அதில் லேசான பகுதி 40 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னேயே ஆவியாக ஆரம்பித்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை வெயிலே அந்த அளவைத் தொடுகிறது. அதற்கு மேல் சைலன்சர் சூடும் சேர்ந்தால் பைப்புக்குள் குமிழிதான் ஓடும்.

பம்ப் இருக்கிற இடமும் கெடுக்கிறது. எலக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோப்ளாங்கி. முன்னால் வைத்தால் பைப் நீளம் முழுக்க உறிஞ்சவேண்டி வரும். உறிஞ்சும்போது பைப்புக்குள் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பம்பை டேங்க் பக்கத்தில், டேங்க் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள். லைன் முழுக்க அழுத்தத்தில் நிற்கும்.

பம்ப் எந்த வண்டியுடையது? எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி) பம்ப் என்றால் 40 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் தள்ளும், கார்பரேட்டர் ஊசி அதைத் தாங்காமல் பெட்ரோல் வழியும். உங்களுக்கு 2 முதல் 4 பிஎஸ்ஐ போதும்.

நாங்குநேரி ராட்:
நன்றி அண்ணாச்சி. பேட்டரியைக் கழற்றிவிட்டேன். பம்ப் கார்பரேட்டர் வண்டிக்கானதுதான், பெட்டியில் 3 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது.

டார்ச் அடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின் கிராஸ் மெம்பரில் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) ஓட்டை போட்டு பைப்பை நுழைத்த இடத்தில் ரப்பர் எதுவும் இல்லை. காப்பர் அங்கே மட்டும் புதுக் காசு மாதிரி மினுங்குகிறது. விரலால் தடவினால் பாதி வட்டத்துக்கு ஒரு பள்ளம் தட்டுப்படுகிறது. அதற்குக் கீழே தூசி ஒட்டிப் பழுப்பாகக் கறை. டேங்கிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸை மடக்கினால் மேல்தோலில் சின்னச் சின்ன வெடிப்பு. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பேட்டை பட்டறை:
வாடைக்குக் காரணம் அகப்பட்டுவிட்டது. இன்னும் கொஞ்சநாள் ஓடியிருந்தால் தகரத்தின் விளிம்பு காப்பரை அறுத்தே போட்டிருக்கும்.

காப்பர் மொத்தத்தையும் கழற்றிவிடுங்கள். வளைக்க லேசாக இருக்கிறது என்று நம் ஊரில் நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் வண்டி அதிர்வில் காப்பர் நாளாக நாளாக இறுகி, ஃபிளேர் அடித்த (முனையை விரித்த) கழுத்தில் மயிரிழையாக விரியும். பெட்ரோலோடு சேர்ந்து பிசின் கட்டவும் வைக்கும். 8 மில்லி ஸ்டீல் ட்யூப் வாங்குங்கள், கார் பெட்ரோல் லைனுக்கென்றே வருவது. பைப் பெண்டர் வைத்து வளையுங்கள். கையால் வளைத்தால் மூலையில் நசுங்கும், நசுங்கின இடத்திலும் குமிழி கட்டும்.

ஹோஸ் வெடிப்புக்கு எத்தனால்தான் காரணமாக இருக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண ரப்பருக்கு அது ஆகாது. ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (பெட்ரோல் ஹோஸுக்கான தரக் குறி) என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் உங்களுக்குத் தேவை இரண்டே துண்டு: டேங்க் பக்கம் ஒரு சாண், சேசிஸிலிருந்து இன்ஜினுக்கு ஒரு சாண். இன்ஜின் மவுண்டிங்கில் ஆடும், சேசிஸ் ஆடாது. அந்த இடைவெளிக்கு மட்டும்தான் ரப்பர், மற்றதெல்லாம் ஸ்டீல்.

வள்ளியூர் லேத்:
லைன் போகவேண்டிய வழியை நான் சொல்கிறேன். இடது சேசிஸின் உள்பக்கச் சுவர், பாதி உயரத்துக்கு மேலே. அடியில் தொங்கவிட்டால் நம் ஊர் வேகத்தடையில் முதலில் உரசுவது அதுதான். வெளிப்பக்கம் வைத்தால் பக்கத்தில் இடி வாங்கும்போது நசுங்கும்.

எல்லாரும் விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மூட்டு) உடைந்தால் ஷாஃப்ட் சாட்டை மாதிரி சுழன்று அடிக்கும். அது எட்டுகிற வட்டத்துக்குள் லைன் வரக்கூடாது. பிளைவீலுக்கு (இன்ஜினின் பின்முனையில் சுழல்கிற கனமான சக்கரம்) நேரேயும் அப்படித்தான். அங்கே சேசிஸ் சுவர் நடுவில் வருகிற மாதிரி பைப்பை மறைத்துக்கொண்டு போங்கள்.

ஒன்றரை சாணுக்கு ஒரு கிளிப், உள்ளே ரப்பர் வைத்தது. ஓட்டைக்கு ஓட்டை கிராமெட் (ரப்பர் வளையம்). கரண்ட் வயரோடும் பிரேக் லைனோடும் சேர்த்து டை போட்டுக் கட்டாதீர்கள். வயர் மேலே, பெட்ரோல் கீழே. சொட்டினாலும் வயர் மேல் விழாது. ஸ்டீல் முனையில் சின்னதாக ஒரு வீக்கம் அடித்து அதைத் தாண்டி ஹோஸை ஏற்றி, பிறகு கிளாம்ப் போடுங்கள். வரி வரியாக ஓட்டை இருக்கிற கிளாம்ப் ரப்பரைக் கடிக்கும், நட் போல்ட் வைத்த வழவழப்பான கிளாம்ப் நல்லது.

கண்ணாடி பில்டரைத் தூக்கிப் போடுங்கள். இன்ஜின் புகை வெளியேறுகிற சூடான மேனிஃபோல்டுக்கு மேலே கண்ணாடியில் பெட்ரோல் நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மெட்டல் பில்டர், டேங்குக்கும் பம்புக்கும் நடுவே, வண்டியின் பின்பக்கமே வையுங்கள்.

நாங்குநேரி ராட்:
இடது பக்கம் சரி. ஆனால் கார்பரேட்டருக்கு ஏறுகிற கடைசித் துண்டு எப்படிப் போனாலும் மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வருகிறது. அங்கே என்ன செய்ய? ரிட்டர்ன் லைன் அவசியமா?

தாமிரபரணிக் கரை:
ஒரு சாண் இருந்தால் அலுமினியத் தகடு ஒன்று நடுவே நிறுத்துங்கள். தகடு பைப்பையும் தொடக்கூடாது, மேனிஃபோல்டையும் தொடக்கூடாது. இரண்டு பக்கமும் காற்று ஓட ஒரு அங்குலம் விடுங்கள். வெப்பத்தைத் தடுப்பதில் பாதி வேலையை அந்தக் காற்றுதான் செய்கிறது. கடைசி ரப்பர் துண்டு மேனிஃபோல்டுக்கு நேர் மேலே வராமல், பக்கவாட்டிலிருந்து ஏறட்டும்.

ரிட்டர்ன் லைன் போட்டே ஆகவேண்டும் என்று இல்லை. ஆனால் நான் போடுவேன். ஐடிலில் நிற்கும்போது இன்ஜின் குடிப்பது கொஞ்சம்தான், மிச்சம் லைனிலேயே நின்று காயும். ரிட்டர்ன் இருந்தால் அது டேங்குக்குத் திரும்பி, குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். கார்பரேட்டருக்கு முன்னால் ஒரு டி (மூன்று வழி இணைப்பு), ரிட்டர்ன் கிளையில் சின்ன ஜெட் (ஓட்டத்தைக் குறைக்கிற சிறு துளை), அங்கிருந்து டேங்கின் மேல்பக்கம். அதற்கு டேங்கில் ஓட்டை போடவேண்டி வந்தால், பெட்ரோலை வடித்துவிட்டோம் என்று நினைத்து வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். சென்டிங் யூனிட் (பெட்ரோல் அளவு காட்டுகிற கருவி) தட்டைத் தனியாகக் கழற்றி, அதில் யூனியன் (பைப் இணைப்பு) பொருத்திக்கொள்ளுங்கள்.

வள்ளியூர் லேத்:
பம்புக்கு ரிலே, ஃபியூஸ், கூடவே ஒரு இனர்ஷியா சுவிட்ச். வண்டி மோதினால் பம்ப் தானாக நிற்கவேண்டும். இல்லையென்றால் இன்ஜின் நின்ற பிறகும், சாவி ஆனில் இருக்கிற வரை அறுந்த லைன் வழியாக பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய ஃபோர்டு கார்களில் இந்த சுவிட்ச் வரும், உடைக்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். டேங்க் வென்ட்டில் (காற்று வழி) ரோல் ஓவர் வால்வும் போடுங்கள், வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் வெளியேறாமல் அடைக்கும்.

நாங்குநேரி ராட்:
ஸ்டீல் ட்யூப் இடது பக்கம் போட்டாயிற்று, பம்ப் பின்னால் போய்விட்டது, ரிட்டர்னும் சேர்த்துவிட்டேன். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால் எப்படி டெஸ்ட் பண்ணலாம்?

பேட்டை பட்டறை:
டேங்க், பம்ப், கார்பரேட்டர் மூன்றையும் பிரித்துவிட்டு லைனின் எல்லா முனையையும் அடைத்துவிடுங்கள். சைக்கிள் பம்பால் 7, 8 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கேஜ் முள் கால் மணி நேரம் அசையாமல் நிற்கவேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் மாட்டி, பெட்ரோல் ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, வெள்ளைக் காகிதத்தால் ஜாயிண்ட் ஜாயிண்டாகத் துடைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அந்த ஜாயிண்டைத் திரும்பப் போடுங்கள். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

ரோட்டில் இறக்குவதற்கு முன்னால் ஆர்டிஓ ஆபீஸில் பேசிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. இன்ஜின் மாற்றத்தை அனுமதி வாங்கி ஆர்சி புத்தகத்தில் ஏற்றாமல் ஓட்டினால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும்.

நாங்குநேரி ராட்:
முள் அசையவில்லை, காகிதமும் நனையவில்லை. நேற்று மத்தியானம் ஒரு மணி வெயிலில் தோப்பைச் சுற்றி ஒரு மணி நேரம் ஓட்டினேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசி ரப்பர் துண்டைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் வாடை இல்லை. ஆர்டிஓ ஆபீஸுக்கு திங்கட்கிழமை போகிறேன்.