கூரை மைக் ஒன்றே போதுமாம்! அப்படியானால் அந்த 6 டெசிபல் எங்கே போனது?

தூரமானி:
இந்தக் களத்தில் வீடியோ மீட்டிங் கேமரா பற்றிய இழையில் கூரைவாசி எழுதிவிட்டுப் போன வரி இது: “பன்னிரண்டு பேர் உட்காரும் மீட்டிங் ரூமுக்குக் கூரையில் ஒரு மைக் அரே போதும். மேசை மைக்கை எல்லாம் கழற்றிக் கடாசுங்க. மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கும்.” இதை நம்பி யாராவது ஒழுங்காக வேலை செய்கிற மைக்கைக் கழற்றிவிடக் கூடாது. அதற்காகத்தான் தனி இழை.

அறை 6 மீட்டருக்கு 4 மீட்டர், கூரை உயரம் 2.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவரின் வாய் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். மேசை நீளம் 3.6 மீட்டர், அரே, அதாவது பல மைக்கை ஒன்றாகச் சேர்த்த கருவி, அதன் நடுவுக்கு நேர் மேலே. மேசைக் கோடியில் இருப்பவர் நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். செங்குத்தாக 1.6, கிடையாக 2. ஆக வாயிலிருந்து மைக்குக்கு 2.56 மீட்டர். அதே மேசையில் நடுவிலிருந்து இருபக்கமும் 0.9 மீட்டர் தள்ளி இரண்டு பவுண்டரி மைக் (மேசைமேல் தட்டையாகப் படுத்திருக்கும் மைக்) வையுங்கள். எந்த இருக்கைக்கும் 1.28 மீட்டருக்கு மேல் வராது. சரிபாதி. தூரம் பாதியானால் நேரடிக் குரல் 6 டெசிபல் ஏறும். அறையின் முழக்கமோ, அதாவது சுவர்களில் பட்டுத் திரும்பி நீளும் ஒலியோ, மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். இந்த 6 டெசிபலை எந்த மென்பொருள் கொண்டுவந்து தரும்? சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும்.

கூரைவாசி:
வந்துட்டாரு அளவு டேப்பைத் தூக்கிக்கிட்டு. அரேன்னா ஒத்தை மைக் இல்ல சார். பல மைக் சேர்ந்து பேசுறவரு பக்கம் மட்டும் காது வைக்கிற சாதனம். உங்க பவுண்டரி மைக் அரைக்கோளம் முழுக்கக் கேட்கும், அதனோட திசைத்திறன், அதாவது மத்த பக்கத்துச் சத்தத்தைத் தள்ளுற திறன், வெறும் 3 டெசிபல். நல்ல அரேக்கு 10 டெசிபல். வித்தியாசம் 7. உங்க 6-ஐக் கழிச்சாலும் எனக்கு 1 மிச்சம். பள்ளிக்கூடக் கழித்தல்.

அதோட மேசை மைக் பக்கத்துலயே லேப்டாப் ஃபேன், கீபோர்டு, பேனாவைத் தட்டுற சத்தம். யாராவது ஒரு ஃபைலை மைக் மேலயே வெச்சுட்டுப் போவாங்க. அதுக்கு எத்தனை டெசிபல் கழிக்கணும்னு அந்த டேப் சொல்லுமா?

தூரமானி:
10 டெசிபல் எந்த அதிர்வெண்ணில்? அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 60 சென்டிமீட்டர் சதுர அரேயை எடுத்துக்கொள்வோம். 500 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 69 சென்டிமீட்டர். அலையே அரேயைவிடப் பெரிது. 250-இல் 1.37 மீட்டர். அங்கே பீம், அதாவது ஒரு பக்கம் மட்டும் கேட்கும் கூர்மை, என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, சாதா மைக்குக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நீங்கள் காட்டும் 10 டெசிபல் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் கிடைப்பது. காலி அறையில் முழக்கம் நீளுவது பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில்தான். அதனால்தான் எதிர்முனையில் கேட்பவருக்குப் பேசுபவர் குகைக்குள் இருப்பதுபோல் படுகிறது. தூரம் தரும் 6 டெசிபல் எல்லா அதிர்வெண்ணிலும் 6 டெசிபல். உங்கள் கழித்தலை 250 ஹெர்ட்ஸில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

கூரைவாசி:
250-ல என்ன இருக்கு? வார்த்தை புரியுறது 1000-லேர்ந்து 4000 ஹெர்ட்ஸுக்குள்ள. ச, த, ப, க எல்லாம் அங்கதான் பிரியும். கீழ வர்ற முழக்கத்தை 150-ல ஹை-பாஸ் (அதுக்குக் கீழ உள்ளதைத் தடுக்கிற வடிகட்டி) போட்டு வெட்டினா முடிஞ்சுது. சாதா தொலைபேசி 300-லேர்ந்து 3400 வரைக்கும்தான் அனுப்பிச்சுது. ஊரே அதுல பேசலையா?

தூரமானி:
150-இல் வெட்டினால் 250 எப்படிப் போகும்? அது அங்கேயேதான் இருக்கும். தொலைபேசியில் பேசுபவரின் வாய் மைக்கிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில். உங்கள் கூரை 2.56 மீட்டர் தூரத்தில். இரண்டும் ஒன்றா?

நுரைப்பஞ்சு:
இருவருக்கும் வணக்கம். இந்த அறையின் கன அளவு 67 கன மீட்டர். கண்ணாடிச் சுவர், வெற்றுத் தரை என்றால் முழக்க நேரம், அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரம், 0.8 வினாடி என்று வைக்கலாம். கன அளவை முழக்க நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதை 0.057-ஆல் பெருக்கினால் நேரடிக் குரலும் முழக்கமும் சமமாகும் தூரம். எல்லாத் திசையும் கேட்கும் மைக்குக்கு 0.52 மீட்டர் வரும். பவுண்டரிக்கு 0.74, பத்து டெசிபல் அரேக்கு 1.64. அப்படியானால் மோசமான இருக்கையில் மேசை மைக்கில் குரல் முழக்கத்தைவிட 4.8 டெசிபல் கீழே, அரேயில் 3.9 டெசிபல் கீழே. இரண்டுமே தோல்வி. முழக்கத்தை 0.4 வினாடிக்கு இறக்கினால் இருவருக்குமே 3 டெசிபல் கிடைக்கும். அதற்கு 0.9 உறிஞ்சுதிறன் கொண்ட பேனல் சுமார் 15 சதுர மீட்டர் வேண்டும். 50 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். 25 மில்லிமீட்டர் பேனல் கீழ் அதிர்வெண்களில் பெரிதாக எதையும் பிடிக்காது. எதிரெதிராக இருக்கும் இரண்டு சுவரில் ஒன்றையாவது மூடுங்கள். மைக் சண்டை அதற்குப் பிறகு.

கூரைவாசி:
பார்த்தீங்களா, 3.9 எங்க, 4.8 எங்க! நான் சொன்ன அதே ஒரு டெசிபல். பஞ்சு சாரே கணக்குப் போட்டுக் குடுத்துட்டாரு.

தூரமானி:
அவர் போட்டது 10 டெசிபல் என்று நீங்கள் சொன்ன எண்ணை வைத்து. 250 ஹெர்ட்ஸில் அரேயின் திசைத்திறன் 4 டெசிபல் என்று வைத்துப் போட்டால் அரே பக்கம் 3.9 இல்லை, 9.9. மேசை மைக்கைவிட 5 டெசிபல் கீழே. அதே தூரக் கணக்குதான் வேறு சட்டை போட்டு வருகிறது.

நுரைப்பஞ்சு:
நான் பேனலைப் பற்றிச் சொன்னேன்.

வயர்மேன்:
டெசிபல் எல்லாம் இருக்கட்டும். மேசை மைக்குன்னா மேசையில ஓட்டை, தரையில பைப், அதுல வயர். மேசையை ஒருநாள் நகர்த்தினா எல்லாம் போச்சு. கூரை அரேக்கு ஒரே ஒரு கேட்-6 நெட்வொர்க் வயர். கரன்ட்டும் ஒலியும் அதுலயே போயிடும். நெட்வொர்க் சுவிட்ச் 802.3ஏடி (வயர்லயே கரன்ட் அனுப்புற தரம்) தரத்துல 30 வாட் குடுக்குதான்னு மட்டும் பாருங்க. பழைய 802.3ஏஎஃப் சுவிட்ச் 15.4 வாட்தான், மறுமுனைக்குப் போய்ச் சேர்றது 12.95. சில அரே அதுல ஆன் ஆகும், கொஞ்ச நேரம் ஓடும், பிறகு தானா ரீஸ்டார்ட் ஆகும். ஆளுங்க மைக் பழுதுன்னு கழற்றி அனுப்புவாங்க. பழுது சுவிட்ச்சுல.

கணினிமணி:
எதுக்கு அவ்வளவு? யூஎஸ்பி மேசை மைக்கை எக்ஸ்டென்ஷன் வயர் ரெண்டு ஜாயின் பண்ணி டிவிக்குப் பின்னாடி இருக்கிற கம்ப்யூட்டர்ல சொருகினா வேலை முடிஞ்சுது. 10 மீட்டர் தாராளம்.

வயர்மேன்:
10 மீட்டர் தாராளமா? யூஎஸ்பி 2.0 சாதா வயருக்கு எல்லை 5 மீட்டர். யூஎஸ்பி 3-க்கு நடைமுறையில 3 மீட்டர். ரெண்டை ஜாயின் பண்ணினா மைக் தெரியும், ஆனா மீட்டிங் நடுவுல காணாமப் போகும். விண்டோஸ் உடனே வேற மைக்குக்கு மாறிக்கும். யாருக்கும் தெரியாது, எதிர்ல இருக்கிறவங்க மட்டும் கேட்கலைம்பாங்க. நீளமா வேணும்னா ஆக்டிவ் வயர் (நடுவுல சிக்னலைப் புதுப்பிக்கிற வயர்) போடுங்க, இல்ல கேட்-6-ல ஓடுற யூஎஸ்பி எக்ஸ்டெண்டர் போடுங்க. கீபோர்டுக்கு ஓடுதேன்னு மைக்குக்கு நினைக்காதீங்க. கீபோர்டுல ஒரு பாக்கெட் போனா திருப்பி அனுப்பும். நேரலை ஒலியில போனது போனதுதான்.

கணினிமணி:
எங்க ஆபீஸ்ல ஓடுது. புத்தகத்துல என்ன இருக்குன்னு யாரும் கேட்கல.

தூரமானி:
வயர்மேன் சொன்ன பைப்பும் ஓட்டையும் ஒருநாள் வேலை. 6 டெசிபல் அறை இருக்கும்வரை இருக்கும். இன்னொன்றையும் யாரும் தொடவில்லை. மனிதவாய் மேல்நோக்கிப் பேசுவதில்லை. குரல் முன்பக்கம் பாய்கிறது, அதிலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போகக் கூர்மையாக முன்பக்கம். கூரைவாசி தூக்கிப்பிடிக்கும் அந்த ச, த, ப, க எல்லாம் திரையை நோக்கிப் போகும்போது தலைக்கு மேலே நிற்கும் மைக்குக்கு ஓரமாகத் தெறித்ததுதான் கிடைக்கும். மேசை மைக் வாய்க்கு முன்னால் இருக்கிறது.

கூரைவாசி:
மேசை மைக் வாய்க்கு முன்னாடியா? பேசுறவரு முன்னாடி திறந்து வெச்ச லேப்டாப் திரை நிக்குது. மைக் அதுக்குப் பின்னாடி. அந்தத் தடுப்புல உங்க 2000 ஹெர்ட்ஸ் என்ன ஆகும்? எழுந்து போய் ஒயிட்போர்டுல எழுதிக்கிட்டே பேசுறவருக்கு உங்க 1.28 மீட்டர் எத்தனை மீட்டர் ஆகும்? அந்த டேப்பை அங்கயும் நீட்டுங்க.

பிக்சல்பித்தன்:
காதைப் பற்றியே பேசுகிறீர்கள். கோடியில் இருப்பவர் முகமே தெரியாதபோது குரல் எதற்கு? 4கே கேமரா போடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

தூரமானி:
போன மாதமும் இதையேதான் சொன்னீர்கள், அப்போதும் பதில் சொல்லாமல் போனீர்கள். 90 பாகை லென்ஸ் 5 மீட்டர் தூரத்தில் 10 மீட்டர் அகலக் காட்சியை எடுக்கும். 4கே என்றால் அகலத்தில் 3840 பிக்சல், மீட்டருக்கு 384. முகம் 16 சென்டிமீட்டர் என்றால் 61 பிக்சல். ஆனால் மீட்டிங்கில் போவது 1080 (அகலத்தில் 1920 பிக்சல்), பல நேரம் 720 (அகலத்தில் 1280). 1080-இல் முகம் 31 பிக்சல், 720-இல் 20. சென்சாரில் எத்தனை இருந்து என்ன? 4கே உதவுவது அதிலிருந்து வெட்டி நெருக்கிக் காட்டும்போது மட்டும். அதற்கும் முகத்தில் வெளிச்சம் வேண்டும். மேலிருந்து நேராக விழும் விளக்கு கண்குழியில் நிழலைத்தான் போடும். கேமராவைக் கண் மட்டத்துக்கு, ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்துக்கு இறக்குங்கள். டிவிக்கு மேலே ஏற்றினால் எல்லோருடைய உச்சந்தலையும் தெரியும்.

பிக்சல்பித்தன்:
வெட்டி நெருக்கிக் காட்டத்தான் 4கே என்று நானும் சொல்கிறேன். நீங்கள் என்ன புதிதாகக் கண்டுபிடித்தீர்கள்?

அறைப்பொறுப்பாளர்:
ஐயா, எங்கள் அறையில் எதிர்முனையில் இருப்பவர்களுக்கு அவர்கள் குரலே திரும்பிக் கேட்கிறதாம். அவர்கள் பக்கம் சரிபார்க்கச் சொல்லிவிட்டோம். கூரை மைக், மேசை மைக் இதில் எது நல்லது?

கூரைவாசி:
அவங்க பக்கம் இல்லீங்க, உங்க பக்கம். அவங்க குரல் உங்க ஸ்பீக்கர்ல வந்து உங்க மைக் வழியாத் திரும்பிப் போகுது. முதல்ல அறைக்குள்ள வேற யாரோட லேப்டாப்பும் ஒலியோட அதே மீட்டிங்ல சேர்ந்திருக்கான்னு பாருங்க. அடுத்து ஒலிக்கருவியில எதிரொலி நீக்கம் ஆன்ல இருக்கா, அதுக்கு ஸ்பீக்கருக்குப் போற அதே ஒலி ரெஃபரன்ஸா, அதாவது ஒப்பிட்டுக் கழிக்கிறதுக்கு, போகுதான்னு பாருங்க. ஸ்பீக்கருக்கு எச்டிஎம்ஐ வழியா டிவியில ஒலி, மைக்குக்கு தனி யூஎஸ்பின்னா டிவி தர்ற தாமதம் கருவிக்குத் தெரியாது. ஸ்பீக்கரையும் அதே கருவி வழியாக் குடுங்க. கருவியிலயும் கம்ப்யூட்டர்லயும் ரெண்டு நீக்கம் ஒண்ணா ஓட விடாதீங்க. ஓடினா ரெண்டு பேர் சேர்ந்து பேசும்போது குரல் துண்டு துண்டா வெட்டும்.

தூரமானி:
அத்தனையும் சரி. உங்கள் கூரை ஸ்பீக்கரும் கூரை மைக்கும் ஒன்றுக்கொன்று எத்தனை மீட்டர் தள்ளி இருக்கின்றன என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஸ்பீக்கர் மைக்குக்கு 1 மீட்டர், பேசுபவர் 2.56 மீட்டர். அந்தக் கருவி யாருடைய குரலை அதிகம் கேட்கும்? அதே கூரையில் ஏசி துவாரமும் இருக்கிறது. காற்று அரேயின் மேல் வீசினால் அந்த இரைச்சலை நீக்கும் மென்பொருள் மெதுவாகப் பேசுபவரின் சொல் முடிவுகளையும் சேர்த்துத் தின்னும். எதைச் சொன்னாலும் தூரத்தில்தான் வந்து நிற்கும்.

அறைப்பொறுப்பாளர்:
ஸ்பீக்கர் டிவியிலேயே இருக்கிறது ஐயா. எங்களுக்கு எது நல்லது என்று...

கூரைவாசி:
ஸ்பீக்கரைக் கூரையில போடச் சொன்னது யாரு? நான் சொல்லவே இல்ல. திரைக்குக் கீழ முன்பக்கம் போட்டா முடிஞ்சுது. இல்லாததை நான் சொன்னதா எழுதி அதுக்குப் பதில் சொல்றது உங்க பழைய பழக்கம்.

தூரமானி:
சரி, சோதித்துவிடலாம். ஒரே ஆள் கோடி இருக்கையில் உட்காரட்டும். ஒரே பத்தியை ஒரே குரலில் படிக்கட்டும். அரேயையும் மேசை மைக்கையும் ஒரே நேரத்தில் இரண்டு தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு, எதிரொலி நீக்கம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். பேச்சின் சராசரி அளவை இரண்டிலும் சமமாக்கி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒரு கைதட்டலையும் பதிவு செய்து, வால் எவ்வளவு நீளுகிறது என்று பாருங்கள்.

கூரைவாசி:
மூணையும் ஏன் அணைக்கணும்? மீட்டிங்ல அணைச்சுட்டா பேசுறாங்க? அரேயோட வேலையே அந்த மென்பொருளோட சேர்ந்துதான். ஓட்டப்பந்தயத்துக்குக் காலைக் கட்டிட்டு வாங்கிறீங்க. எல்லாத்தையும் ஆன்ல வெச்சு, ரெண்டு லேப்டாப்ல டைப் பண்ணவிட்டு, ஒருத்தரு ஒயிட்போர்டு பக்கம் நின்னு பேசட்டும். அப்ப கேட்போம்.

தூரமானி:
ஆன் செய்தால் நாம் கேட்பது மென்பொருளை, மைக்கை அல்ல. 2.56-க்கும் 1.28-க்கும் இடையே இருக்கும் 6 டெசிபலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கூரைவாசி:
7-ல 6 போனா 1. எத்தனை தடவை எழுதுறது?

தூரமானி:
250 ஹெர்ட்ஸில் எழுதுங்கள்.

நுரைப்பஞ்சு:
15 சதுர மீட்டர் பேனல்.

கணினிமணி:
வயர்மேன், இப்பதான் பார்த்தேன், நம்ம ரெண்டு எக்ஸ்டென்ஷன் வயரும் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

வயர்மேன்:
டிவைஸ் மேனேஜரைப் பார்க்காதீங்க, ஈவென்ட் லாக்கைத் திறந்து யூஎஸ்பி எத்தனை தடவை கழன்று திரும்பச் சேர்ந்திருக்குன்னு பாருங்க. ஸ்கிரீன்ஷாட் போடுங்க. அதுவரைக்கும் 5 மீட்டர்தான்.